முற்றத்து நாயும் அடுப்படிப் பூனையும்

கண்டி நகரிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவழியில் கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்து சென்றால் அலவத்துகொட வரும். வழியோரத்தில் கடைகள், கடைகளுக்குப் பின்னே சரிவுகளில் வீடுகள், வீடுகளைச் சுற்றிப் பலாவும் கமுகும் மிளகுக் கொடியும் நிறைந்த தோட்டங்கள், தாழ்விடத்தில் பிங்கா ஓயா. விடியற்காலையில் பேக்கரிக் கதவு திறக்கும்போது வாசலில் இரண்டு நாய்கள் நிற்கும். மீன் கடைப் பலகையின் அடியில் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும். அவற்றை எவரும் அழைத்து வரவில்லை, எவரும் துரத்துவதுமில்லை. மலைநாட்டுச் சிற்றூர்களில் மனிதர் வாழ்க்கையோடு இவ்விரு பிராணிகளும் கலந்திருக்கும் முறை இதுவே.

இந்த உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. விசயனும் அவன் தோழர்களும் இலங்கைக் கரையில் இறங்கிய கதையை மகாவம்சம் கூறுகிறது. அப்போது அவர்கள் கண்ணில் ஒரு பெட்டை நாய் பட்டதாம். நாய் இருக்குமிடத்தில் ஊரும் இருக்கும் என்று எண்ணி ஒருவன் அதன் பின்னே நடந்தானாம். அது நாய் வடிவில் வந்த இயக்கி என்பது கதையின் பின்பகுதி. நாயைக் கண்டால் ஊரை எதிர்பார்க்கலாம் என்ற எண்ணம் அத்துணைப் பழமையானது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. பேக்கரி வாசலில் நிற்கும் அந்தச் செவலை நாய் யாருடையது? பேக்கரிக்காரரைக் கேட்டால், பக்கத்து வீட்டு நாய் என்பார். பக்கத்து வீட்டாரைக் கேட்டால், அது கடைத்தெரு நாய், மிஞ்சிய சோற்றைப் போடுகிறோம், அவ்வளவுதான் என்பர். பாடசாலைப் பிள்ளைகளோ அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பர். நான்கு கைகள் அதற்குச் சோறிடுகின்றன. தடுப்பூசி நாளன்று கழுத்தில் கயிறு கட்டி அழைத்துச் செல்ல ஒரு கையும் முன்வருவதில்லை. நாயாலும் பூனையாலும் வீட்டுக்கு வரும் துன்பங்களுள் பெரும்பாலானவை இந்த ஓரிடத்தில்தான் முளைக்கின்றன.

அத்துன்பங்களுள் தலையாயது நீர்வெறுப்பு நோய். பேச்சு வழக்கில் விசர் என்றும் வெறிநாய்க்கடி என்றும் சொல்வது இதனையே. நோயின் குறிகள் மனிதரிடம் தோன்றிய பின்பு, உயிரைக் காக்க வல்ல மருந்து இன்றுவரை இல்லையென்றே கூறலாம். குறிகள் தோன்றுமுன் உரிய சிகிச்சை பெற்றவரோ ஏறக்குறைய எல்லோருமே தப்பிவிடுகின்றனர். இவ்வளவு கொடியதும், இவ்வளவு எளிதில் தடுக்கத்தக்கதுமான நோய் வேறொன்றைக் காண்பது அரிது.

இலங்கையில் இந்நோயைத் தடுக்க 1893-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901-இல் வந்தது. சட்டம் மட்டும் நோயைத் தடுத்துவிடவில்லை. 1973-ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். அதன் பின்னர் நாடளாவிய தடுப்பு முயற்சி தொடங்கி, நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போடும் வழக்கமும், கடியுண்டவருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை தரும் ஏற்பாடும் பரவின. இறப்புகள் அன்றிருந்ததில் பத்திலொரு பங்கு அளவுக்குக் குறைந்தன. மனிதரைக் குணப்படுத்தும் புதுமருந்து எதுவும் வந்து இந்தக் குறைவை உண்டாக்கவில்லை. நாயின் தோளில் ஏறிய சிறு ஊசியே இதில் பெரும்பங்கு வகித்தது. உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோய்க்குப் பலியாவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோயைத் தந்தது நாயே.

ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கேனும் ஊசி போட்டிருந்தால் அவ்வூரில் இந்நோய் பரவ வழியின்றி அடங்கிவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. இந்தக் கணக்கைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் கட்டி வளர்க்கும் முப்பது நாய்களுக்குத் தவறாமல் ஊசி போட்டுவிட்டு, தெருவில் திரியும் எழுபதை விட்டுவிட்டால் ஊர் காக்கப்படவில்லை. பேக்கரி வாசல் நாய்க்கு ஊசி போடுவது தருமம் என்று கருதப்படுகிறது. அந்த வாசலில் பாண் வாங்க வரும் குழந்தைக்கு அதுவே காவல். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் ஏற்பாட்டில் ஊர்களில் நடக்கும் நாய்த் தடுப்பூசி முகாம்களில் கட்டணம் இல்லை. நாள் எப்போது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் தெரியும். சோறிடும் நால்வரில் ஒருவர் அந்த நாயின் பெயரால் ஓர் அட்டையைப் பெற்றுக்கொண்டால் போதும். அன்று முதல் அது உடையவர் உள்ள நாய்.

கடி நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியது என்ன? சமையலறைக்கு ஓடி மஞ்சளையோ கோப்பித் தூளையோ தேட வேண்டாம். குழாயடிக்கு ஓட வேண்டும். ஓடும் நீரில் சவர்க்காரம் இட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது சொல்லும்போது சிறிது, நிற்கும்போது நெடிது. ஆயினும் நோய்க்கிருமியின் பெரும்பகுதி அந்த நேரத்திலேயே கழுவப்படுகிறது. காயத்தின்மீது சுண்ணாம்பு, மிளகாய், பச்சிலை எதையும் அப்பலாகாது. இறுக்கிக் கட்டுவதும் தவறு. பின்னர் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் பல வீடுகளில் உலவுகின்றது. அந்தப் பழைய மருந்து இலங்கையில் கைவிடப்பட்டு நெடுங்காலம் ஆயிற்று. இப்போது பெரும்பாலும் மேற்கையில் சில ஊசிகளே போடுகின்றனர். பாட்டியிடம் கேட்ட கதைக்கு அஞ்சி இந்தக் காலத்துப் பிள்ளை உயிரிழப்பது பெருங்கொடுமை.

பிள்ளைகள் கடியை மறைப்பார்கள் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். நாயைச் சீண்டியதற்கு அடி விழுமே என்ற பயம். தாம் விரும்பும் நாய்க்குட்டியைத் துரத்திவிடுவார்களே என்ற கவலை. குட்டி கடித்தால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் பெரியவர்களிடமும் உண்டு. நீர்வெறுப்பு நோய் குட்டிக்கும் வரும், பூனைக்கும் வரும், தோட்டத்துக் கீரிக்கும் மரநாய்க்கும் வரும். பல்லின் கீறலும் போதும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் காலில் கீறலைக் கண்டால், கோபப்படாமல் கேட்கும் தாயிடமே உண்மை வெளிவரும்.

நோயுற்ற நாய் எப்போதும் வெறிகொண்டு ஓடித் திரியும் என்பதும் முழு உண்மையன்று. சில நாய்கள் மாறாக அமைதியாகி, இருட்டு மூலையைத் தேடிப் படுக்கும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், குரைப்பு மாறி ஒலிக்கும், உணவை விழுங்க இயலாது. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று இரங்கி வாய்க்குள் கைவிட்டு உயிரிழந்தோர் உண்டு. விழுங்க முடியாமல் தவிக்கும் நாயின் வாயில் விரலை விடலாகாது. மிருக வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கடித்த நாயை உடனே அடித்துக் கொல்வதும் அறிவுடைமை ஆகாது. அது பத்து நாட்கள் உயிரோடும் நலத்தோடும் இருந்தால், கடித்த நேரத்தில் அதன் உமிழ்நீரில் கிருமி இருந்திருக்கவில்லை என்று முடிவு செய்யலாம். இலங்கையில் பதினான்கு நாட்கள்வரை கவனிக்கச் சொல்வதும் உண்டு. ஊசியைத் தொடங்குவதா, எத்தனை போடுவது என்பதெல்லாம் வைத்தியர் தீர்மானிக்க வேண்டியவை. நாயைக் கவனித்துப் பார்ப்போம் என்று சொல்லி வீட்டில் காத்திருத்தல் கூடாது. நாய் இறந்துவிட்டால் தலையைப் பரிசோதனைக்கு அனுப்புவர். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் மூளையை ஆராய்ந்து நோயை உறுதி செய்கின்றனர். மண்டையைச் சிதைத்துவிட்டால் அந்தச் சான்றும் போய்விடும்.

இனி, குட்டிகளின் நலம். விசர் ஊசி போட்டாயிற்று, எல்லா நோய்க்கும் காப்பு வந்துவிட்டது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கின்றனர். அந்த ஊசி அந்த ஒரு நோய்க்கே. நாய்க்குட்டிகளைக் கொள்ளைகொள்ளும் பார்வோ என்னும் வைரசு நோய் 1978-இல் உலகின் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் தலைகாட்டியது. வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், துர்நாற்றம், சோர்வு. இரண்டு மூன்று நாட்களில் குட்டி மடிந்துவிடும். அக்கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஒரு குட்டி இறந்த முற்றத்துக்கு அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து, அதுவும் இறந்ததும், இந்த வீட்டுக்கு நாய் ராசியில்லை என்பர். ராசியில் குறையில்லை, மண்ணில் இருக்கிறது குறை. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர்ந்து, நான்கு மாதம் ஆகும்வரை போட்டு முடிக்க வேண்டும். தாய்ப்பால் வழியாக வந்த காப்புச் சக்தி முதல் ஊசியின் பயனைத் தடுத்துவிடக்கூடும். ஒரே ஊசியோடு நிறுத்தலாகாது என்பதற்குக் காரணம் இதுவே.

பிங்கா ஓயா பெருகும் காலத்தில் இன்னொன்றும் நினைக்கத்தக்கது. அக்குறணைப் பக்கத்தில் வெள்ளம் கடைத்தெருவுக்குள் புகுவது பலமுறை நேர்ந்துள்ளது. எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் எலிக்காய்ச்சல் மனிதரையும் நாயையும் ஒருங்கே தாக்கும். 2008-இல் இலங்கையில் இக்காய்ச்சல் பெருவாரியாகப் பரவி ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. வாய்க்கால் நீரை நக்கும் நாய் இதற்கு இலக்காகும். நோயுற்ற நாயின் சிறுநீரும் ஆபத்தானது. இதற்கும் நாய்களுக்கு ஊசி உண்டு. அன்றாடம் நல்ல நீரை ஒரு சட்டியில் வைத்துவிட்டாலே நாய் வாய்க்காலை நாடுவது குறையும்.

குடற்புழுக்கள் சிறியவை ஆயினும் சிறுமையாக எண்ணத்தக்கவை அல்ல. கொக்கிப்புழு வகைகளுள் ஒன்றின் விஞ்ஞானப் பெயரிலேயே சிலோன் என்னும் பெயர் அடங்கியிருக்கிறது. இலங்கையில் ஒரு புனுகுப்பூனையின் குடலிலிருந்து எடுத்த புழுவைக் கொண்டு 1911-இல் லூஸ் என்ற அறிஞர் அதனை வருணித்தார். நாய், பூனை ஆகியவற்றின் கொக்கிப்புழுக்களுள் மனிதர் குடலிலும் முழு வளர்ச்சியடைந்து வாழ வல்லது இதுவே. நாயின் மலம் விழுந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோல் வழியே புழுவின் இளம்பருவம் உட்புகும். ஆகவே நாய்க்குப் புழுமருந்து கொடுப்பது நாயின் நலம் மட்டும் கருதியதன்று. குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே மருந்து தேவைப்படும். தாயின் உடலிலிருந்தும் பாலிலிருந்தும் அது புழுவைப் பெறுகிறது. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கொருமுறை கொடுப்பது வழக்கம். அளவு உடல் எடையைப் பொறுத்தது. குட்டியின் ஈறு வெளுத்து, வயிறு பானைபோல் உப்பியிருப்பதைக் கொழுப்பு என்று மகிழ்வோரும் உளர். முற்றத்திலுள்ள மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பது, காசில்லாத மருந்து.

உண்ணி பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயின் உடலிலிருந்து விழுந்து, சுவர் வெடிப்பில் ஏறி, ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. நாயை மட்டும் கழுவிவிட்டு, அது படுக்கும் சாக்கையும் சுவர் வெடிப்பையும் விட்டுவிடுபவர் பாதி வேலையே செய்தவராவார். உண்ணியால் இரத்தத்தில் புகும் நோய்கள் பல. காய்ச்சல், உணவு வெறுப்பு, வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். உண்ணியை விரலால் நசுக்காமல், சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுப்பது முறை. மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் எண்ணெய், மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆகியவற்றை நாயின்மேல் பூசும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவை தோலைப் புண்ணாக்கும். நக்கினால் உயிரையே குடிக்கும்.

நாய்க்குச் சோறு ஆகுமா என்று கேட்பவர் உண்டு. ஆகும். மனிதரோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் மாப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் நாய்க்கு ஓநாயைவிட மிகுந்துவிட்டது என்று 2013-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டிற்று. ஆனால் சோறு மட்டும் போதாது. முட்டை, மீன், இறைச்சி, சிறிது பூசணி, கரட் இவை உறைப்பும் உப்பும் இன்றிச் சேர வேண்டும். கறிச்சட்டியைக் கழுவி ஊற்றிய சோற்றில் வெங்காயமும் வெள்ளைப்பூடும் நிறைய இருக்கும். இவை நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பூனைக்கு இன்னும் கேடு. சமைத்த கோழி எலும்பு ஈட்டிபோல் பிளந்து குடலைக் குத்தும். சொக்கலேட்டும் முந்திரிகைப் பழ வற்றலும் பிள்ளைகள் அன்போடு ஊட்டும் நஞ்சுகள்.

பூனையின் நிலை வேறு. அலவத்துகொட, அக்குறணைப் பகுதிகளில் நாயை வீட்டுக்குள் விடாத இல்லங்களிலும் பூனை அடுப்படிவரை உலவும் உரிமை பெற்றிருக்கும். இத்துணைச் செல்லம் பெற்ற பிராணி தவறாக ஊட்டப்படுவது வியப்பே. பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. டோரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவில் ஆக்கிக்கொள்ளாது. அது இறைச்சியிலும் மீனிலும் உள்ளது. அச்சத்து இல்லாவிடில் பூனையின் கண் குருடாகும் என்று 1975-ஆம் ஆண்டளவிலும், இதயம் நலியும் என்று 1987-இலும் அறிஞர்கள் கண்டறிந்தனர். பாற்சோறு உண்டு வளரும் பூனை வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கிறது. பால் கொடுத்தே தீர வேண்டும் என்பதுமில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் கழிச்சல் உண்டாகும். கருவாட்டில் உப்பு மிகுதி. அவித்த நெத்தலியோ சூடையோ நல்லது.

பூனை தன் நோயை மறைக்கும் இயல்புடையது. கடுவன் பூனை மீண்டும் மீண்டும் குந்திச் சிறுநீர் கழிக்க முயன்று, ஒன்றும் வெளிவராமல் முனகினால், மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டிக்கொண்டிருக்கலாகாது. சிறுநீர் வழி அடைபட்டிருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அன்றிரவே வைத்தியரை எழுப்பத்தக்க அவசரம் அது. காய்ச்சலுக்கென்று பரசிட்டமோல் குளிகையைப் பூனைக்குக் கொடுத்தால், ஒரே குளிகை அதைக் கொல்லும். நாயின் உண்ணிக்கு விற்கும் மருந்துகளுள் பெர்மெத்ரின் கலந்தவையும் பூனைக்கு ஆகா. கருவுற்ற பெண்கள் பூனையின் மலத்தை அள்ளும் வேலையைப் பிறரிடம் விட வேண்டும். அதன்வழி வரக்கூடிய ஒட்டுண்ணி கருவிலுள்ள சிசுவைத் தாக்கும். இதற்காகப் பூனையை வீட்டைவிட்டே துரத்த வேண்டியதில்லை. கையுறை, கை கழுவுதல், நன்கு வெந்த இறைச்சி இவையே போதிய காப்பு.

பெட்டை நாயின் கருக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள், பூனைக்கும் அவ்வளவே. ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். இரண்டைக் கேட்டு வாங்க ஆள் வரும். மற்றவை, பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள், ஓர் அட்டைப் பெட்டியில் அடைபட்டு, இரவு நேரத்தில் சந்தைக்கோ விகாரை வாசலுக்கோ கோயில் மதிலுக்கோ போய்ச் சேரும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விடுவதால் பாவம் குறைந்துவிடுவதில்லை. அவற்றுள் பிழைத்தவையே மறு ஆண்டின் உடையவரற்ற நாய்கள், ஊசி போடப்படாத நாய்கள். ஒருமுறையேனும் ஈன்ற பின்பே கருத்தடை செய்ய வேண்டும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. முதல் பருவத்துக்கு முன் சத்திரசிகிச்சை செய்த பெட்டைக்கு மார்புக் கட்டி வருவது மிக அரிதாகும். பிற்காலத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் இல்லை. வயதையும் உடல்நிலையையும் பார்த்து மிருக வைத்தியர் நாள் குறிப்பார்.

மிருக வைத்தியம் பெறுவதில் கண்டிப் பகுதியினர் வாய்ப்பு மிக்கவர். மிருக வைத்தியக் கல்வி பேராதனையில்தான் நடைபெறுகிறது. அங்குப் பல்கலைக்கழகத்தின் போதனா வைத்தியசாலையும் உண்டு. அதற்கு முன் அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தை நாடலாம். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஏறுவது கீறலுக்கும் ஓட்டத்துக்கும் வழி. மூடியுள்ள கூடையில் பழகிய துணியை விரித்துக் கொண்டுபோவது நலம். நாய்க்குக் கயிறு தேவை. வலிகொண்ட நாய் தன் வீட்டாரையும் கடிக்கும் என்பதால் வாய்க்கட்டும் தேவைப்படலாம். எப்போது கடைசியாக உண்டது, எத்தனை முறை வாந்தி, சிறுநீர் கழிந்ததா, வீட்டில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சென்றால் வைத்தியரின் வேலை பாதி முடிந்துவிடும். கொடுக்கத் தகாத மருந்தைக் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி அட்டையைப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியிலேயே வைக்கலாம். கடி நேர்ந்த நாளில் வைத்தியசாலையில் முதலில் கேட்பது அதைத்தான். அடுத்த ஊசிக்குரிய நாள் அதில் எழுதப்பட்டிருக்கும். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அந்த நாளைச் சுற்றிச் சிவப்பு வட்டமிடும் வேலையை, நாய்க்குப் பெயர் வைத்த பிள்ளையிடமே ஒப்படைத்துவிடலாம்.